டிரிட்டியம் கணக்கு

மார்ச் 3

இன்றிலிருந்து அணு இணைவு உலைக்கான பிளாங்கெட் வடிவமைப்பை இரண்டு ஏஐ ஏஜென்ட்களோடு சேர்ந்து செய்கிறேன். ஒன்று, நியூட்ரான்களின் போக்கைக் கணக்கிடும் ஓப்பன்எம்சி மென்பொருளுக்கு மாடல் எழுதி ஓட்டும், இன்னொன்று முடிவைச் சரிபார்க்கும்.

பிளாங்கெட் என்பது டோகமாக்கில் (காந்தத்தால் சூடான பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கும் இணைவு உலை) பிளாஸ்மாவைச் சுற்றி நிற்கும் லித்தியம் அடுக்கு. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது 14.1 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலோடு ஒரு நியூட்ரான் பறந்து வரும். அது லித்தியத்தில் பட்டால் புது டிரிட்டியம் பிறக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுதான், தோண்டி எடுக்கச் சுரங்கமும் கிடையாது. எரிக்கிற ஒவ்வொரு அணுவுக்கும் ஒன்றுக்கு மேல் திரும்பக் கிடைக்காவிட்டால் உலை பட்டினிதான். அந்த விகிதம் 1.1-ஐத் தாண்ட வேண்டும் என்று மட்டும் இலக்கு கொடுத்தேன்.

மார்ச் 5

ராத்திரி முழுக்க ஓடி 212 மாடல்கள். நான் கையால் செய்திருந்தால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும். டிரிட்டியத்தை எளிதில் தரும் லித்தியம்-6 வகை இயற்கை லித்தியத்தில் 7.5 சதவீதம்தான்; அதை 90 சதவீதம் வரை செறிவூட்டிய ஈய-லித்தியக் கலவையில் விகிதம் 1.19 வந்திருக்கிறது. சரிபார்க்கும் ஏஜென்டும் சரி என்றுவிட்டது. மனசு நிறைந்துபோனது.

மார்ச் 6

குறுக்குவெட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டோகமாக்கின் நடுத்தூண் பக்கம் நியூட்ரானைத் தடுக்கும் ஷீல்டு 40 செ.மீ. இருக்க வேண்டும். 12 தான் இருந்தது. மிச்ச இடமெல்லாம் ஈய-லித்தியம்! அதற்குப் பின்னால் நிற்பது மீக்கடத்திக் காந்தம். நியூட்ரான் அங்கே புகுந்தால் சுருள் சூடேறும், இன்சுலேஷன் கெடும்.

தவறு என்னுடையது. காந்தத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. சரிபார்க்கும் ஏஜென்டும் என்னுடைய அதே குறிப்பைப் படித்துத்தான் சரி சொன்னது. இனி அதற்குத் தனியாக, காந்தக்காரரின் கண்ணோட்டத்தில் ஒரு குறிப்பு எழுதித் தரப்போகிறேன்.

மார்ச் 9

ஷீல்டு அளவைப் பூட்டிவிட்டு, அடியில் டைவர்ட்டருக்கும் (பிளாஸ்மாவின் கழிவையும் வெப்பத்தையும் வெளியேற்றும் பகுதி) இடம் விட்டதும் விகிதம் 1.04-க்கு இறங்கியது. வலித்தது, ஆனால் இதுதான் உண்மையான எண்.

2022-இல் சுவிட்சர்லாந்தின் டிசிவி டோகமாக்கில் 19 காந்தச் சுருள்களை ஏஐ இயக்கிப் பிளாஸ்மாவை விரும்பிய வடிவத்தில் பிடித்து வைத்ததை வியந்து படித்தவன் நான். அங்கே ஒரு ஷாட் (ஒரு முறை பிளாஸ்மாவை உருவாக்கி ஓட்டுவது) தவறினால் அடுத்த ஷாட் உண்டு. பிளாங்கெட்டை ஒருமுறை வார்த்து மாட்டிவிட்டால் அப்படி முடியாது. அதனால்தான் படத்தைப் பார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

மார்ச் 12

இன்று ஏஜென்டே ஒரு கேள்வி கேட்டு நின்றது: "பிளாஸ்மாவைப் பார்த்து நிற்கும் முதல் சுவரின் எஃகை எவ்வளவு வரை மெலிதாக்கலாம்? குறிப்பில் இல்லை." போன வாரமாக இருந்தால் தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டு போயிருக்கும். எனக்கும் பதில் தெரியாததால் வெப்பக் கணக்கு பார்க்கும் நண்பரிடம் ஓடினேன். 2 செ.மீ.க்குக் கீழே போகாதே என்றார். அதை எழுதிக் கொடுத்து, வெளிப்புறத்தில் பிளாங்கெட்டின் தடிமனை 10 செ.மீ. கூட்டச் சொல்லியிருக்கிறேன்.

1.07 வரை வந்திருக்கிறது. அடுத்த ஓட்டம் இப்போது நடக்கிறது.