எண்ணெய் பிரிஞ்சு வந்துடுச்சா?

போன சனிக்கிழமை எங்கள் நியூ ஜெர்சி வீட்டில் ஒரு எண்ணெய்க் கசிவு நடந்தது. மகன் சாப்பிடும் பீநட் பட்டரின் லேபிளை மனைவி படித்துவிட்டதுதான் காரணம். "கடலையும் உப்பும் மட்டும் இருக்கறதா பாத்து வாங்கிட்டு வாங்க" என்று உத்தரவு. வாங்கி வந்தேன்.

திறந்தால் மேலே இரண்டு விரற்கடை எண்ணெய், அடியில் களிமண். கத்தியை விட்டுக் கிண்டினேன். கத்தி அசையவில்லை, எண்ணெய்தான் நகர்ந்தது: முதலில் மேடைக்கு, பிறகு என் சட்டைக்கு, அப்புறம் மகனின் கணக்கு நோட்டுக்கு.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "எண்ணெய் பிரிஞ்சு வந்துடுச்சே, நல்ல பக்குவம்தானேடா?"

வத்தக்குழம்பில் எண்ணெய் மிதந்தால் நமக்குப் பெருமை. அமெரிக்காவில் அதே எண்ணெயை அமுக்கி வைக்க நாற்பது வருடம் படாத பாடு பட்டிருக்கிறார்கள். 1884இல் மாண்ட்ரியலின் மார்செல்லஸ் எட்சன் வறுத்த கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கினார். 1890களில் மிச்சிகனில் டாக்டர் கெல்லாக், தம் சானடோரியத்தில் மாமிசத்துக்குப் பதிலாகக் கடலையை அரைத்துக் கொடுத்தார். (வேகவைத்து அரைப்பதுதான் அவர் பதிவுசெய்த முறை. பாவம் நோயாளிகள்.) எப்படி அரைத்தாலும் எண்ணெய் மேலே வந்தது, சீக்கிரம் காறியது. மளிகைக்காரர்கள் பெரிய வாளிக்குள் மரத்துடுப்பை விட்டுக் கிண்ட வேண்டியிருந்தது. என் சட்டையைப் பார்த்தால் அவர்கள் அழுதிருப்பார்கள்.

1920களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஜோசப் ரோஸ்ஃபீல்ட்தான் இதற்கு முடிவு கட்டினார். எண்ணெயில் கொஞ்சத்தை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிக் கொழுப்பாக்கிச் சேர்த்தார். அது மீதி எண்ணெயை மேலே வரவிடாமல் பிடித்துக்கொண்டது. அந்த முறையில் 1928இல் 'பீட்டர் பேன்' என்ற பீநட் பட்டர் வந்தது. பிறகு அதைத் தயாரித்த கம்பெனியோடு பிணங்கி, 'ஸ்கிப்பி' என்ற பிராண்டைத் தாமே தொடங்கினார். கடலைத் துண்டுகள் கடிபடும் வகையும் அவர் கைங்கரியம்தான்.

அப்புறம் வந்தது பேரம். பீநட் பட்டரில் கடலை எவ்வளவு இருக்க வேண்டும்? முதலில் 95 சதவீதம் கேட்ட அரசு 90க்கு இறங்கியது. கம்பெனிகள் 87க்கு மேல் ஏறவில்லை. 1959இல் தொடங்கிய இழுபறி 1971இல்தான் 90 என்று முடிந்தது. எங்கள் ஊர் வரப்புத் தகராறுகூட இதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது.

இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா எண்ணெயை வாணலியில் வடித்துக் கடுகு தாளித்துவிட்டார். பாட்டிலில் மிஞ்சியது சிமெண்ட். மகன் பழைய பீநட் பட்டர் எங்கே என்று அழ ஆரம்பித்தான். அம்மா கத்தியோடு சேர்த்து அந்தக் கட்டியைப் பெயர்த்து, வரமிளகாயும் புளியும் போட்டு மிக்ஸியில் அரைத்தார்.

"உப்பு கம்பெனிக்காரனே போட்டுட்டான், நமக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.