ஒரே இருட்டு, இரண்டு கோளாறு

மார்கழியில் காலை ஐந்தரைக்கு வேலைக்கு உட்கார்ந்தால் மானிட்டர் மட்டும் எழுந்திருக்காது. பட்டனை அமுக்கினால் நீல விளக்கு ஒரு நொடி எரியும், அணையும், திரும்ப எரியும், அணையும். எட்டுப் பத்து முறை அமுக்கிய பிறகு ஒருவழியாகப் படம் வரும். வந்துவிட்டால் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மறுநாள் காலையில் பழைய கதைதான்.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். 2015-இல் வாங்கிய 24 இஞ்ச் மானிட்டர் அது. புத்தகக் காட்சிக்கு முந்தின வாரங்களில் திரை இல்லாமல் ஒரு நாள் போனாலும் அச்சகத்தில் என் முறை தள்ளிப் போய்விடும். அந்தப் பதற்றத்தில் யோசிக்காமல் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றினேன். பிளக்கை வேறு சாக்கெட்டில் போட்டேன், யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் கொடுத்தேன். கேபிள்தான் கெட்டிருக்கும் என்று நினைத்து, பழைய எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு, டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகை இணைப்புக்குப் புதிதாக ஒரு கேபிள் வாங்கிச் சொருகினேன். எதுவும் பலிக்கவில்லை. அந்தக் கேபிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வண்ணார்பேட்டையில் டிவி, மானிட்டர் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். போனில் அவர் கேட்டது இரண்டே கேள்வி. "வெளக்கு எரியுதாம்மா, என்ன கலர்ல எரியுது? இருட்டுல டார்ச் அடிச்சுப் பாத்தியளா?"

திரை கறுப்பாக இருக்கும்போது டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டுமாம். உள்ளே ஐகான்கள் நிழல் மாதிரி தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கும் பேக்லைட்தான் போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றுமே தெரியாமல், விளக்கும் நிலையாக எரியாமல் இருந்தால், மானிட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் போர்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்னுடையது இரண்டாவது ரகம்.

கடைக்கு எடுத்துப் போனேன். அரை மணி நேரத்தில் பின்மூடியைக் கழற்றிப் போர்டைக் காட்டினார். இரண்டு கண்டன்சர்களின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, லேசாக உப்பியிருந்தது. "உப்பிப் போய்க் கெடக்கு பாத்தியளா? இதாம்மா காலையில சண்டித்தனம் பண்ணுது." உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் வற்றிப் போகும், கண்டன்சர் மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுக்கும் சக்தி குறைந்துவிடும். குளிர்ந்து கிடக்கும்போது அது இன்னும் மோசம். பட்டனை அமுக்கியதும் போர்டு தொடங்கப் பார்க்கும், வோல்டேஜ் தள்ளாடும், போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். திரும்பத் திரும்ப முயன்றதில் கொஞ்சம் சூடேறியதும் பிடித்துக்கொள்ளும். காலையில் அடம்பிடித்து மத்தியானம் ஒழுங்காக ஓடியதன் காரணம் அதுதான்.

1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி தாங்கும் கண்டன்சர் இரண்டைப் போட்டார். 85 டிகிரி ரகமும் கடைகளில் கிடைக்குமாம். மானிட்டருக்குள் இருக்கும் சூட்டுக்கு அது வேண்டாம் என்றார். கூலியோடு 450 ரூபாய். இதை நாமே செய்துவிடலாம் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். அதே போர்டில் பெரிதாக ஒரு கண்டன்சர் இருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட் அதில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜ் உடனே போய்விடாது. அண்ணாச்சியே முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். மறுநாள் காலை முதல் அமுக்கிலேயே நீல விளக்கு. அவ்வளவு சந்தோஷம். பதினொரு மணிக்குக் காப்பி குடிக்கப் போய்த் திரும்பினால் திரை கறுப்பு. மவுசை அசைத்தேன், விசைகளைத் தட்டினேன், ஒன்றும் இல்லை. மானிட்டர் பிளக்கை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டதும் படம் வந்தது. மத்தியானமும் அதே. பிளக்கை எடுத்துப் போட்டால் சரியாகிறது என்றால் கரண்ட் கோளாறுதானே? மூன்றாம் நாள் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, செய்த வேலை சரியில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார். "வெளக்கு என்ன கலர்ல கெடக்கு?"

"ஆரஞ்சு, அண்ணாச்சி. அணையாம எரியுது."

"அப்போ மானிட்டருக்குக் கரண்ட்டு வருதும்மா. சிக்னல்தான் வரல. போர்டுல ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டர் பக்கம் பாருங்க."

அங்கேதான் எனக்கு உறைத்தது. இருட்டு ஒன்றுதான், ஆனால் விளக்கு வேறு. முதல் கோளாறில் அது நின்று எரியவே இல்லை. இப்போது காத்திருப்பு நிலையில் நிதானமாக எரிகிறது.

அடுத்த முறை திரை கறுத்தபோது பிளக்கைத் தொடவில்லை. கேப்ஸ் லாக் விசையைத் தட்டினேன், கீபோர்டில் அதன் விளக்கு எரிந்தது, மறுபடி தட்டினால் அணைந்தது. ஆக, கம்ப்யூட்டர் முழித்துத்தான் இருக்கிறது, தூங்குவது மானிட்டர். இன்னொன்றும் அப்போதுதான் மனதில் பட்டது. ஒவ்வொரு முறை படம் திரும்பி வரும்போதும், திரையில் திறந்து வைத்திருந்த ஜன்னல்களெல்லாம் சுருங்கி இடது மேல் மூலையில் குவிந்து கிடந்தன. எரிச்சலோடு இழுத்துச் சரிசெய்தேனே தவிர, ஏன் என்று நான் கேட்கவில்லை. மானிட்டரையே யாரோ கழற்றிவிட்டதாக விண்டோஸ் நினைத்து, இல்லாத ஒரு சிறிய திரைக்கு ஏற்றபடி அவற்றை அடுக்கியிருக்கிறது.

காரணம் அந்தப் புதுக் கேபிள். கேபிளில் குறை இல்லை, அது போகும் வழி வேறு. என் மானிட்டரின் சொந்த மெனுவில், திரைக்குக் கீழே இருக்கும் பட்டன்களால் திறப்பது, டிஸ்ப்ளேபோர்ட்டுக்கென்று 'டீப் ஸ்லீப்' என ஓர் அமைப்பு இருந்தது. அது இயங்கினால் மானிட்டர் தூங்கும்போது இணைப்பையே விட்டுவிடுகிறது. கம்ப்யூட்டர் கூப்பிட்டாலும் காதில் விழாது. எச்டிஎம்ஐ-யில் இருந்தவரை அது குறுக்கே வரவில்லை. அந்த அமைப்பை நிறுத்தினேன். அன்றிலிருந்து மவுசைத் தொட்டால் திரை வருகிறது, ஜன்னல்களும் வைத்த இடத்தில் இருக்கின்றன. மின்சாரம் வீணாகுமே என்று கணக்குப் போட்டேன். கூடுதலாக அரை வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டாலும் வருடம் முழுக்க நாலரை யூனிட்டுக்கு உள்ளேதான்.

கையோடு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் 'பவர் அண்ட் ஸ்லீப்' பக்கத்தையும் திறந்தேன். அங்கே திரை அணைவதற்கு ஒரு நேரம், கம்ப்யூட்டர் தூங்குவதற்கு ஒரு நேரம். இரண்டும் வேறு வேறு. திரைக்கு 10 நிமிடம் வைத்தேன், தூக்கத்துக்கு 1 மணி நேரம். ஸ்லீப்பில் வேலை மெமரியில்தான் நிற்கிறது, அதைத் தாங்க மின்சாரம் வேண்டும். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால் சேமிக்காததெல்லாம் போய்விடும். அதனால் ராத்திரி ஹைபர்நேட். அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைகிறது. என் கம்ப்யூட்டரில் பவர் மெனுவில் அது தெரியவில்லை. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் டிக் போட்ட பிறகுதான் வந்தது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அது கெடக்கட்டும். அந்த மெனு எங்க இருக்குன்னு வரிசையாச் சொல்லுங்க" என்றார். மானிட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, திரையில் வந்ததைப் படித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் எழுதிக்கொண்டார்.