சூடேறினால் மட்டும் வரும் பிரேக் கோளாறு

காரைக்குடியில் என் பட்டறைக்கு வரும் பிரேக் புகார்களில் கடினமானவை பெரும்பாலும் ஆண்டில் பல மாதம் நின்றே கிடக்கும் வண்டிகளுடையவை. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் குடும்பத்தார் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, கார் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் அறுபதாம் வயதுச் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வெளியே வரும். மழைக்காலத்தில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் கவ்வும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின், கிரீஸ் வற்றி இறுகும். பிறகு அதே வண்டி ஒரே மூச்சில் கொடைக்கானல் போய்வரும்.

அப்படிப் போய்வந்த ஒரு வண்டியின் ஓட்டுநர், "சில நேரம் பெடல் கெட்டியா நிக்குதுண்ணே, எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்க மாட்டேங்குது, இங்க கொண்டுவந்தா நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆச்சியைப் பின்னால் வைத்து ஓட்டுபவர் என்பதால் அவருடைய கவலை எனக்கு நன்றாகப் புரிந்தது.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஸ்பானரை எடுக்குமுன் கேள்வி கேட்க வேண்டும். பெடல் மெத்தென்று அமுங்கினால் குழாயில் காற்று புகுந்ததையோ ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயிலையோ, காலில் துடித்தால் டிஸ்க்கின் சமமற்ற கனத்தையோ சந்தேகிக்கலாம். பெடல் கெட்டியாக நின்றும் பிடிப்பு இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர்: இன்ஜினை அணைத்துப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தபோது பெடல் சற்றே கீழிறங்கியது. ஆகவே பூஸ்டரில் குறையில்லை. "எப்போது வருகிறது?" என்று மறுபடி கேட்டேன். நெடுந்தூரம் ஓடிய பிறகுதான் என்றார்.

திருமயம் வரை ஓட்டிச் சென்று நிறுத்தி வெப்பமானியைக் காட்டியதில், முன்பக்க இடது டிஸ்க் வலதைவிட வெகுவாகச் சூடேறியிருந்தது. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது ஸ்லைடு பின் கையால் அசைக்க முடியாதபடி இறுகியிருந்தது. வெளிப்பேட் அதிகம் தேயாதிருக்க, உட்பேட் மட்டும் தேய்ந்து கண்ணாடிபோல் மினுங்கியது. டிஸ்க்கின் அந்தப் பக்கத்தில் நீலம் பாரித்திருந்தது. ஓயாமல் உரசிய சூட்டில் பேட்டிலுள்ள பிசின் வெந்து மேற்பரப்பில் இறுகிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் பேட் கவ்வாமல் வழுக்கும். வண்டி நின்று ஆறியதும் பிடிப்பு ஓரளவு திரும்பிவிடுவதால் பட்டறையில் எதுவும் தெரிவதில்லை.

உப்புத்தாளால் பேட்டைத் தேய்த்து மாட்டி அனுப்பும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் பின் இறுகியே இருக்கும்வரை அடுத்த நெடும்பயணத்தில் அதே மினுமினுப்பு வந்துவிடும். பின்களைச் சுத்தம்செய்து சூடு தாங்கும் கிரீஸ் இட்டு, டிஸ்க்கின் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அதிலேயே பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேல் தாராளமாக இருந்ததால் லேத்தில் மெல்லச் சீவி, முன்பக்கம் இரண்டிலும் புதிய பேட்களைப் போட்டோம்.

அதன்பின் புதிய பேட்கள் டிஸ்க்கில் நன்றாகப் பதிவதற்காக, ஓட்டுநரை அருகில் வைத்துக்கொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை பலமுறை குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டிக் காட்டினேன். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பெடலில் காலை வைத்தே வராமல் இரண்டாம் கியரில் இறங்கி, தேவையான இடத்தில் அழுத்தி மிதித்து உடனே விட்டுவிட வேண்டுமென்றும் அவரிடம் கேட்டுக்கொண்டேன்.