தாண்டிக்குடி வழியாகப் பூம்பாறை: வேர் எது, தண்டு எது, இலை எது?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு எல்லோரும் போகும் காட் ரோடு ஒன்று இருக்கிறது. யார் கேட்டாலும் நான் சொல்வது இன்னொரு வழி. சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையைச் சுற்றிக்கொண்டு ஏறுவது. நேரம் கூடுதலாகும், வளைவுகளில் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் செடி கொடிகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மலைப்பாதை எனக்குத் தெரிந்து இல்லை. அடிவாரத்தில் புளியும் தென்னையும். கொஞ்சம் ஏறினால் மலைவாழை, காப்பி, மிளகு. அப்புறம் சௌசௌ பந்தல். 7000 அடியை நெருங்கினால் பூண்டு, கேரட், சோலைக்காடு.

இந்தப் பொங்கல் விடுமுறையில் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். செடியின் பாகங்களும் அவற்றின் வேலைகளும் பாடத்தில் வந்திருக்கிறது. வேர் நீரை உறிஞ்சும், தண்டு தாங்கும், இலை உணவு தயாரிக்கும், பூ காயாகும் என்று கடகடவென ஒப்பித்தாள். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருக்கும் படம் ஓர் அவரைச் செடி. அதில் எல்லாப் பாகமும் சொன்ன இடத்தில், சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கும். மலையில் அப்படி இல்லை. இங்கே தண்டு மண்ணுக்குள் கிடக்கும், வேர் காற்றில் தொங்கும், இலை மரத்தண்டாக நிற்கும். எந்தப் பாகம் என்று கண்டுபிடித்தால்தான் அந்தப் பயிரை ஏன் அப்படி நடுகிறார்கள், ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் புரிய ஆரம்பிக்கும்.

பெரும்பாறை தாண்டியதும் ஒரு வாழைத் தோட்டத்தில் நின்றோம். விருப்பாச்சி வாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் காலங்காலமாகப் போகும் பழம் இதுதான், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. தார் வெட்டிய மரம் ஒன்றைத் தோட்டக்காரர் அப்போதுதான் சாய்த்திருந்தார். வெட்டிய இடத்தை அவளிடம் காட்டினேன். ஒன்றுக்குள் ஒன்றாகப் பட்டை பட்டையாக மடிந்திருந்தது. ஒவ்வொரு பட்டையிலும் சின்னச் சின்ன அறைகள், அறைகளுக்குள் காற்று. ஒரு பட்டையைப் பிடித்து மேலே கொண்டுபோனால் அது இலைக்காம்பாகி, வாழை இலையாக விரிகிறது. ஆக, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அந்த மரம் முழுக்க இலைகளின் அடிப்பாகம்தான். தண்டு மண்ணுக்குள் கிழங்காக உட்கார்ந்திருக்கிறது. பூக்கும் பருவம் வரும்போது மட்டும் அந்தத் தண்டு பட்டைகளுக்கு நடுவே மேலேறி, உச்சியில் பூவைத் தள்ளுகிறது. நாம் பொரியல் செய்வது அந்த நடுப்பகுதியை.

தோட்டக்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. "மரம் போனா போகட்டும் பாப்பா, கெழங்கு நல்லா இருந்தா போதும். கன்னு வந்துரும்" என்றார். பக்கக்கன்று முளைப்பது அந்த நிலத்தடித் தண்டின் கணுவிலிருந்துதான். விதையே இல்லாத இந்த வாழைக்கு வேறு வழியும் கிடையாது. இந்த மலையில் விருப்பாச்சி வாழை இவ்வளவு குறைந்துபோனதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. முடிக்கொத்து நோய் ஒரு வைரஸ். அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் பரப்பும். நோய் தாக்கிய கிழங்கிலிருந்து கன்று எடுத்தால் கன்றும் நோயோடுதான் பிறக்கும். இப்போது நோயில்லாத மரத்தைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, அதன் குருத்து நுனியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, திசு வளர்ப்புக் கன்றுகளாகத் தருகிறார்கள். குருத்து நுனியில் இருக்கும் கடுகளவு திசுவுக்கே ஒரு முழு வாழையையும் மறுபடி உண்டாக்கும் திறமை இருக்கிறது. அந்தப் பழத்தின் ருசி தெரிந்தவர்கள் அந்தக் கன்றுகளைத் தேடி வாங்கி நட வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிப்பு கடைசிக் கட்டத்தில் இருந்தது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி, அந்த மரங்களிலேயே மிளகுக் கொடி. இந்த ஊரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு விஷயம் இருக்கிறது.

முதலில் மிளகு. கொடியை மரத்திலிருந்து மெல்லப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் குட்டை குட்டையாக வேர்கள், சீப்பின் பற்கள் போல நெருக்கமாக, மரப்பட்டையின் வெடிப்புகளில் பதிந்திருக்கும். பிரிக்கும்போது சின்னதாகப் 'பட்பட்' என்று சத்தம் கேட்கும். இந்த வேர்கள் சில்வர் ஓக்கிலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. பிடித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. சாப்பாட்டுக்கு மண்ணுக்குள் இருக்கும் வேர்கள் தனி. "அப்ப இது ஒட்டுண்ணி இல்லையா சித்தி?" என்று கேட்டாள். இல்லை. ஏறுவதற்கு ஓர் ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் சுவாரசியம் கிளைகளில் இருக்கிறது. மேலே ஏறும் கொடியில்தான் இந்தப் பிடிவேர்கள். அதிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் கிளைகளில் பிடிவேர் இருக்காது, காய்ச்சரம் இருக்கும். ஒன்றுக்கு ஏறும் வேலை, இன்னொன்றுக்குக் காய்க்கும் வேலை. ஏறும் கொடியை வெட்டி நட்டால் அது மறுபடி மரம் தேடி ஏறும். பக்கக்கிளையை வெட்டி வேர்விட வைத்தால் ஏறவே ஏறாது. தொட்டியில் புதராக நின்றபடி காய்க்கும். புதர் மிளகு என்று நாற்றங்காலில் விற்பது இதைத்தான். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ மாடியில் நிழல் இருந்தால் தாராளமாக வைக்கலாம்.

காப்பியும் அதே குணம். நடுத்தண்டு நேராகப் போகும், பக்கக்கிளைகள் படுக்கையாகப் போகும். காய் பிடிப்பது படுக்கைக் கிளையில். அங்கே இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். ஒவ்வொரு இலையும் கிளையில் சேரும் கக்கத்தில் பூமொட்டுகள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், காத்திருந்த மொட்டுகள் சில நாட்களிலேயே ஒருசேர மலர்ந்து தோட்டமே வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசம் அடிக்கும். அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் வந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பூதான் இப்போது சிவந்த பழமாகி, இடுப்பில் சாக்கு கட்டிய அக்காமார்கள் கையில் விழுந்துகொண்டிருந்தது. ஓர் அக்கா ஒரு பழத்தைப் பிதுக்கிக் காட்டினார். வழவழவென்று இரண்டு கொட்டைகள், தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி. சதையைச் சப்பிப் பார்த்தவள், "இனிக்குது!" என்று ஆச்சரியப்பட்டாள். பறவையையும் விலங்கையும் கூப்பிட்டு விதையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதற்கான இனிப்பு அது. நமக்கு வேண்டியது கொட்டை, செடிக்கு வேண்டியதும் அதுதான். நடுவில் இருக்கும் சதை கூலி.

பண்ணைக்காட்டுப் பக்கம் சௌசௌ பந்தல்கள். இங்கே அதிகம் நிற்கவில்லை, ஆனால் பற்றுக்கம்பியை மட்டும் தவறவிடக் கூடாது. நுனி எதையாவது தொட்டதும் சுற்றிக்கொள்ளும். அப்புறம் நடுப்பகுதி சுருண்டு ஸ்பிரிங் போல ஆகிவிடும். உற்றுப் பார்த்தால் பாதி தூரம் ஒரு பக்கமாகவும் மீதி எதிர்ப்பக்கமாகவும் சுருண்டிருக்கும், நடுவில் திசை மாறும் இடம் தெரியும். காற்றடிக்கும்போது கொடி ஆடும், அறுந்து போகாது. சௌசௌக்கு விதையைத் தனியாக எடுக்கவும் முடியாது. காய்க்கு ஒரே விதை, அது காய்க்குள்ளேயே முளைத்துவிடும். முளைவிட்ட முழுக் காயைத்தான் நடுவார்கள்.

பெருமாள்மலை தாண்டிக் கொடைக்கானலுக்குள் நுழைந்தோம். ஏரி, கடைகள், சாக்லேட் எல்லாம் வழக்கம்தான், அதைப் பற்றி எழுதுவதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள். பூம்பாறை போகும் வழியில் சாலையோரச் சரிவில் ஒரு கன்றுக்காக வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்களை இங்கே சீகை என்கிறார்கள். பட்டையிலிருந்து தோல் பதனிடும் துவர்ப்புப் பொருள் எடுக்கலாம் என்று பரப்பினார்கள். இன்று புல்வெளிகளையும் சோலைகளையும் அவை விழுங்கிக்கொண்டிருப்பது வருத்தமான விஷயம். அதில் பிளாக்வுட் என்று ஒரு வகை உண்டு. முழங்கால் உயரக் கன்றில் அடியில் இருந்த இலைகள் புளிய இலை மாதிரி நுணுக்கமாகப் பிரிந்திருந்தன. நடுவில் இருந்தவற்றில் காம்பு தட்டையாக அகன்று, அதன் நுனியில் மட்டும் அந்த நுணுக்க இலை ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் நுணுக்க இலையே இல்லை. வெறும் தட்டைக் காம்பு, பச்சைப் பசேலென்று, நெடுக்கு நரம்புகளோடு. இலை தன் வேலையைக் காம்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் முழுக் கதையும் ஒரே கன்றில், கீழிருந்து மேலாக! உச்சி வெயிலைத் தட்டையாக வாங்காமல் விளிம்பைக் காட்டி நிற்பதற்கும், நீரை மிச்சப்படுத்துவதற்கும் அந்தத் தடித்த காம்பு உதவுகிறது. வறண்ட ஊரில் பழகிய பழக்கம். அக்கா மகள் தன் நோட்டில் மூன்று இலையையும் வரைந்துகொண்டாள்.

பூம்பாறையில் படிக்கட்டு வயல்கள். குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வயலுக்கு இறங்கினோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் முக்கியமான ஊர் இது. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் விதைப்பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு பல்லை நெடுக்காக இரண்டாக வகிர்ந்து தந்தார். வெளியே காகிதத் தோல், அது ஓர் இலை. உள்ளே கெட்டியான வெள்ளைச் சதை, அதுவும் ஓர் இலை, சேமித்து வைப்பதற்காகத் தடித்தது. அதற்கும் உள்ளே நடுவில் பச்சைக் குருத்து, முளைக்கக் காத்திருக்கும் அடுத்த இலைகள். அப்படியானால் தண்டு எங்கே? பல்லின் அடியில் சொரசொரவென்று ஒரு வட்டத் தட்டு இருக்கிறதே, உரிக்கும்போது நாம் கிள்ளி எறிவது, அதுதான். அதற்குக் கீழே வேர்க் கொத்து. ஒவ்வொரு பல்லும் அந்தத் தட்டில் உட்கார்ந்த ஒரு மொட்டு.

"குளிரு படலைன்னா பல்லே பிரியாதுங்க, ஒத்தை உருண்டையா நின்னுரும்" என்றார் பெரியவர். உண்மைதான். மொட்டுகள் தனித்தனிப் பல்லாகத் திரள்வதற்குப் பூண்டுக்குக் குளிர்காலம் வேண்டும். விதை வைக்காத பயிர் என்பதால் இதிலும் வாழை கதைதான். நல்ல பூண்டை எடுத்துவைத்தால்தான் அடுத்த போகம் நன்றாக இருக்கும். அவர் ஒவ்வொரு பூண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததன் அர்த்தம் அது.

பக்கத்து வயலில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பிடுங்கிக் கிடந்தன. இரண்டும் மண்ணுக்குள்ளிருந்து வருவதால் இரண்டும் வேர் என்று அவள் சொன்னாள். இரண்டையும் கழுவிக் கையில் கொடுத்தேன். உருளையில் கண்கள் இருக்கின்றன. சுற்றிச் சுற்றி ஏறும் வரிசையில். ஒவ்வொரு கண்ணும் ஒரு மொட்டு, அதற்குக் கீழே பிறைமாதிரி ஒரு கோடு, அங்கே இருந்த செதில் இலையின் தடம். மொட்டும் இலைத்தடமும் வரிசையாக இருந்தால் அது தண்டு. வெயில் பட்டால் பச்சையாவதும் அதனால்தான். பச்சையான உருளையில் நச்சுப்பொருளும் சேர்ந்து கூடியிருக்கும், சமைக்கக் கூடாது. கேரட்டில் கண்ணே கிடையாது. மேலிருந்து கீழே வரிசையில் சின்னச் சின்னக் குறுக்குக் கீறல்கள், பக்கவேர்கள் கிளம்பிய இடங்கள். இது சுத்தமான வேர். கேரட்டின் கணக்கு இரண்டு பருவம். முதல் பருவத்தில் இலை தயாரிக்கும் சர்க்கரையை வேரில் சேமித்து, குளிரைத் தாண்டியபின் அதைச் செலவழித்துப் பூக்கும். பூக்கவிட்டால் கிழங்கு கட்டையாகிவிடும். அதனால்தான் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுகிறார்கள்.

சேர்த்துவைத்துப் பூப்பதில் இந்த மலையில் குறிஞ்சியை மிஞ்ச ஒன்றும் இல்லை. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்திலும் மன்னவனூர் போகும் வழியிலும் புதர்களைப் பார்க்கலாம். இப்போது வெறும் பச்சைதான். வேரும் தண்டும் இலையும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை உதிர்த்துவிட்டு முழுச் செடியும் காய்ந்துவிடும். 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, அடுத்தது 2030. ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரே ஆண்டில் விதை கொட்டுவதால் தின்கிற உயிர்கள் தின்றது போகவும் முளைக்க மிச்சம் இருக்கும். பூக்காத வருடங்களில்தான் இந்தப் புதர்களுக்கு ஆபத்து அதிகம். பூ இல்லாதபோது அது குறிஞ்சி என்றே தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள், மிதித்துவிடுகிறார்கள். இலையை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்: எதிரெதிர் ஜோடி, ஓரத்தில் பல் பல்லான வெட்டு, நரம்புகள் ஆழமாகப் பதிந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: தாண்டிக்குடி வழியில் சொந்த வண்டி இருந்தால் நின்று நின்று போகலாம். வத்தலக்குண்டிலிருந்து பேருந்தும் உண்டு. தோட்டத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. ஒரு பூதக்கண்ணாடியும் சின்னக் கத்தியும் கையில் இருக்கட்டும். பூண்டு வாங்குவதாக இருந்தால் பூம்பாறையிலேயே விளைவித்தவரிடம் வாங்குங்கள். விதைக்கென்று எடுத்துவைத்ததைக் கேட்காதீர்கள்.