பஞ்சு முனையில் பல்லி வாசம்

கொழும்பில் பல்லிக்குப் பஞ்சமில்லை. வாசமில்லாத ஒரு மூலைதான் கிடைக்காது. நுளம்புத்திரி, சாம்பிராணி, டெற்றோல், கீழ்வீட்டில் தாளிக்கிற ரம்பை எல்லாம் சோதனைப் பஞ்சில் ஏறிவிடும். பல்லி தன் வாசத்தைப் பிரித்தறிகிறதா என்று பார்க்கும் சோதனைகள் பலவும் இதனால்தான் கெடுகின்றன. பிடிப்பதற்கு முன் பத்தரமுல்லையில் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதியை எடுத்துவிட வேண்டும்.

பல்லி நாக்கை நீட்டித் தொட்ட துணிக்கைகள் அண்ணத்திலுள்ள, வாசம் அறியும் யேக்கப்சன் உறுப்புக்குப் போகின்றன. ஆகவே எண்ணவேண்டியது நாக்கு நீட்டலை. காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, வயிற்றிலும் தொடையின் அடியிலும் தேய்க்க வேண்டும். ஆணுக்கு அங்கேதான் மெழுகு கசியும் துளைகள் வரிசையாக இருக்கின்றன. கையுறை ஒவ்வொரு பல்லிக்கும் புதிது. பிடி உடலில், வாலில் அல்ல. இரவில் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், பல்லிக்கு அதன் சொந்தக் குச்சியையும் வேற்றுப் பல்லியின் குச்சியையும் தனித்தனியே மூக்கிலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளி நீட்டி, முதல் நாக்கு நீட்டலிலிருந்து 60 வினாடி எண்ணுங்கள். எந்தக் குச்சி யாருடையது என்பது எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது.

வீட்டுப் பல்லிக்கு இமையில்லை, கண்ணை நாக்கால்தான் துடைக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். வீடியோவை மெதுவாக ஓட்டினால் நாக்கு மேலே வளைவது தெரியும். தாகத்திலும் நக்கும், வெறும் நீர்க் குச்சியையும் வைப்பது அதற்காகவே. முதல் நாள் கூட்டில் தண்ணீர் தெளித்திருந்தால் இந்தக் குழப்பம் குறையும்.

2023 இல் பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டொக்கே கெக்கோ என்ற பெரிய பல்லிகளுக்குத் தோல் வாசத்தையும் எச்ச வாசத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். தன்னுடையதை விட வேற்றுப் பல்லியினதை அவை கூடுதலாக நக்கின. ‘தன்னை அறிகிறது’ என்று உடனே எழுதிவிட மனம் வரும். தன் வாசம் பழகிப்போனதாகவும் இருக்கலாமே! அதனால் ஒரே கூட்டில் இருக்கும் கூட்டாளிப் பல்லியின் குச்சியும் வேண்டும். அதுவும் பழகிய வாசம்தான், ஆனால் தன்னுடையதல்ல. அதைத் தன்னுடையதை விடக் கூடுதலாக நக்கினால், பழக்கம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

எச்சம் எடுப்பதானால் கூட்டடியில் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். வெள்ளை நுனி யூரிக் அமிலம், கறுப்புப் பகுதி மலம். இரண்டையும் சேர்த்தே, ஈரம் காயுமுன் எடுக்க வேண்டும்.