சிங்கராஜவில் இலை பார்த்த நாட்கள்

ஜூலை 9
இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டுக்குள் குடாவ வாயில் வழியாகக் காலையில் ஏறினோம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவதும் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததுமான இந்தக் காட்டுக்குப் பலரும் பறவை பார்க்கவே வருகிறார்கள்; நான் இலை பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் வழிகாட்டி சிரித்துவிட்டார். பாதையோரச் சிறுமரமொன்றின் முதிர்ந்த இலையில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெளிர்பச்சைத் திட்டுகள் இருந்தன. கைவில்லையை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு திட்டும் மீன்செதில் அடுக்கிய நூல்களாகப் பிரிந்து தெரிந்தது. இவை லெஜுனியேசியே குடும்பத்து லிவர்வொர்ட்டுகள், அதாவது பாசிகளுக்கு உறவான, பூக்காத சிறு செடிகள்.

ஜூலை 10
மழை, அட்டை. காட்டில் எதையும் பறிக்கக் கூடாது என்பதால் மரத்தில் இருந்தபடியே ஒரே கிளையின் இலைகளை வரிசையாகப் பார்த்தேன். நுனித் தளிரில் ஒன்றுமில்லை. அடுத்ததில் சில புள்ளிகள். அடிப்பக்க இலைகளிலோ கைவில்லைக்கு வெற்றிடமே அகப்படவில்லை. இலை உதிர்ந்தால் குடியிருப்பும் போய்விடும் என்பதால், இவை விரைவாக வளர்ந்து, வித்திகளோடு தட்டுப்போன்ற நுண்ணிய மொட்டுகளையும் உதிர்த்து அடுத்த இலையைப் பிடித்தாக வேண்டும். நீண்ட நுனி நீரை வடித்து இலையைத் தூய்மையாக வைக்கும் என்று படித்திருக்கிறேன். இன்று கண்ட நீள்நுனி இலைகள் அதை நம்பவிடவில்லை.

ஜூலை 12
காட்டுக்கு வெளியே, தங்குமிடத்துத் தோட்டத்தின் கோப்பிச் செடியிலும் இதே திட்டுகள் இருந்ததால், உரிமையாளரிடம் கேட்டு ஓர் இலையைப் பறித்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். லிவர்வொர்ட்டின் இலை பெரும்பாலும் ஒரே கல அடுக்குத் தடிப்புடையது. அதன் கீழ்மடல் உள்நோக்கிச் சுருண்டு சிறு பையாக நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பைக்குள் ரொட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்விலங்கு ஒன்று தலையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வேர்போன்ற இழைகள் கோப்பி இலையின் மேற்றோலில் ஒட்டிக்கொண்டிருந்தனவே தவிர, அதிலிருந்து உணவை உறிஞ்சுவதில்லை. வெளிச்சத்தைச் சற்று மறைப்பதுதான் இவை கொடுக்கும் தொல்லை.

ஜூலை 13
நேற்றிரவு விளக்கடியில் மறந்து வைத்த இலை காய்ந்துவிட்டது. திட்டுகள் சருகுபோல் சுருங்கிக் கிடந்தன. ஒரு சொட்டு மழைநீர் விட்டேன். தேநீர் ஆறுவதற்குள் செதில்கள் விரிந்துகொண்டன. ரொட்டிஃபர் இருந்த பையைத் தேடிப்பிடித்து, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.