டாப்சிலிப்பில் ஒரு கருப்பு மரங்கொத்தி

ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்புக்குச் சேத்துமடை சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறத் தொடங்கினால் வழியெங்கும் தேக்குதான். பொள்ளாச்சியிலிருந்து வந்த பேருந்தில் பாதிப்பேர் யானை பார்க்க வந்தவர்கள். எனக்கு வேண்டியது வெள்ளைவயிற்று மரங்கொத்தி.

தென்னந்தோப்பில் கத்திக்கொண்டே பறக்கும் பொன்முதுகு மரங்கொத்தியை எல்லோருக்கும் தெரியும். அது ஊர்ப்பறவை. இதுவோ காட்டை விட்டு இறங்காது. சுமார் 48 சென்டிமீட்டர் நீளம், காக்கையைவிடப் பெரிய உருவம்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே நடக்க விடமாட்டார்கள். எங்களோடு வந்தவர் இந்த மலைக்காட்டுப் பழங்குடியான காடர் சமூகத்து அண்ணன் ஒருவர். பட்டுப்போன ஒரு மரத்தடியில் நின்று தரையைக் காட்டினார். விரல் நீளத்துக்குச் சிராய்கள், உடைந்த இடம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. "இப்பதான் கொத்தியிருக்கு சார்."

சற்று நேரத்தில் 'க்யாவ்' என்று ஒற்றைக் குரல். அதே மரத்தின் உச்சியில் வந்து ஒட்டிக்கொண்டது. உடல் முழுக்கக் கரி நிறம், வயிறு வெள்ளை. தலையில் சிவப்புக் கொண்டை, கன்னத்திலும் ஒரு சிவப்புக் கோடு. அப்படியென்றால் ஆண். பெண்ணுக்குப் பின்னந்தலையில் மட்டும்தான் சிவப்பு. விறைத்த வாலை மரத்தில் முட்டுக்கொடுத்து, பட்டையைப் பக்கவாட்டில் நெம்பிப் பெயர்த்து, உள்ளே இருந்த எறும்புகளை நாக்கால் எடுத்தது. கொத்துவதைவிட இந்த நெம்பல்தான் அதிகம்!

வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கே வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்டதால்தான் டாப்சிலிப் என்று பெயர். மொட்டையான காட்டைத் தேக்கு வளர்த்து மீட்ட வன அதிகாரி ஹியூகோ உட்டின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரே வயதில் வரிசையாக நிற்கும் தேக்கு இந்தப் பறவைக்குப் போதாது. கூட்டுக்குப் பொந்து குடையப் பருத்த, உயரமான மரம் வேண்டும், அதிலும் பட்ட மரமென்றால் நல்லது. "காய்ந்த மரத்தை வெட்டி எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. தென்கொரியாவிலும் ஒரு காலத்தில் இதே இனம் இருந்தது. பெரிய மரங்களுள்ள காடுகள் அழிந்தன, இப்போது அங்கே ஒன்றுகூட இல்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேக்கு இலையுதிர்த்து நிற்கும் ஜனவரி, பிப்ரவரியில் பறவை கண்ணில் படுவது சுலபம். அதற்கப்புறம் காட்டுத்தீ பயத்தில் நடைபயணத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.